வீட்டிலேயே அஹி போக்கே: மீன் வாங்குவது முதல் கிண்ணத்தில் போடுவது வரை

அஹி போக்கே, பச்சைச் சூரை மீனைத் துண்டு போட்டுக் கலவையில் பிசைந்து சாப்பிடும் ஹவாய்ப் பண்டம். ஹவாய் மொழியில் 'போக்கே' என்றால் குறுக்காக வெட்டுவது, துண்டு போடுவது. சாஸின் பெயரோ மசாலாவின் பெயரோ இல்லை, கத்தி வேலையின் பெயர். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. வீட்டில் செய்து பார்த்தேன், சரியாக வரவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கலவையைத்தான் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். இன்னும் கொஞ்சம் சோயா, இன்னும் கொஞ்சம் இஞ்சி, எலுமிச்சை. பிசகு அநேகமாக அங்கே இருக்காது. மீன் எவ்வளவு குளிரில் இருந்தது, எப்படி உருகியது, எந்தத் திசையில் வெட்டினீர்கள் என்பதில்தான் இருக்கும்.

ஹவாயின் தலைநகர் ஹொனலூலுவில் இருந்தபோது பக்கத்து வீட்டு அம்மாளிடம் இதைக் கற்றுக்கொண்டேன். வயதில் மூத்த பெண்களை அங்கே எல்லாருமே 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள், உறவு இல்லாவிட்டாலும். ஆன்ட்டி ஒரு பெரிய பாத்திரம் நிறைய ஐஸ் கட்டியைக் கொட்டி, அதற்குள் சின்னப் பாத்திரத்தைப் பதித்து, அதில்தான் மீனைப் பிசைவார். விரல் நுனிகள் குளிரில் சிவந்து போயிருக்கும். நடுவில் ஒரு துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஓரம் கண்ணாடி மாதிரி ஒளியை விட்டால் சரி. மங்கலாக, பால் படிந்ததுபோல் தெரிந்தால் மீன் சூடேறத் தொடங்கிவிட்டது. உடனே கையை எடுத்துவிட்டுப் பாத்திரத்தை ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுவார். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதில் முக்கியமானது அந்த ஐஸ் பாத்திரம்தான்.

பழையது எது, புதியது எது

1778இல் மேற்கத்தியக் கப்பல்கள் வந்து சேர்வதற்கு வெகு காலம் முன்பே ஹவாய் மீனவர்கள் கரையோர மீனைத் துண்டு போட்டு, கடல் உப்பு, லிமு என்ற கடற்பாசி, வறுத்து இடித்த குக்குயிக் கொட்டை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டு வந்தார்கள். மூலப் போக்கே அவ்வளவுதான். வெங்காயமும் மிளகாயும் அப்புறம் கப்பலில் வந்தவை. கரும்புத் தோட்ட வேலைக்கு 1852 முதல் சீனர்கள் வந்தார்கள், 1885 முதல் ஜப்பானியர்கள் பெரும் எண்ணிக்கையில் வந்தார்கள். சோயா சாஸும் வறுத்த எள்ளெண்ணெயும் இப்படிக் குடியேறியவர்களின் அடுப்படியிலிருந்து வந்து சேர்ந்தன. சோயா சாஸுக்கு ஹவாயில் இன்றும் ஜப்பானியப் பெயர்தான், ஷோயு. சூரை மீனைப் போட்டுச் செய்யும் இன்றைய போக்கே 1970களில்தான் இந்தப் பெயரோடு கடைகளில் பரவியது. இப்போது அங்கே சூப்பர் மார்க்கெட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு தட்டுகளில் விதவிதமாக வைத்து, எடை போட்டுத் தருகிறார்கள்.

மாம்பழம், சோளம், மயோனைஸ் எல்லாம் குவித்த கிண்ணம் 2010களில் அமெரிக்கப் பெருநகரங்களில் வளர்ந்தது. பிடித்தவர்கள் சாப்பிடட்டும். நான் எழுதுவது அதற்கில்லை.

மீன்: இங்கே நிதானமாகப் படியுங்கள்

'அஹி' என்று ஹவாயில் சொல்வது மஞ்சள் துடுப்புச் சூரையையும் பெருங்கண் சூரையையும். 'ஆக்கு' என்பது இன்னொரு சூரை. மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் மாசிக்கருவாடு போடுகிறார்களே, அதே மீன். ஹவாயில் ஆக்குவையும் போக்கே செய்வார்கள். ஆனால் வீட்டில் முதன்முதலாகச் செய்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பெரிய சூரை இனங்களில் ஒட்டுண்ணிப் புழு அபூர்வம் என்பதால், பச்சையாகப் பரிமாறும் மீனை முன்கூட்டியே கடுங்குளிரில் உறைய வைக்க வேண்டும் என்ற அமெரிக்க விதியிலிருந்து மஞ்சள் துடுப்பு, பெருங்கண் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆக்குவுக்கு அந்த விலக்கு இல்லை.

ஹொனலூலுவின் 38ஆம் படகுத்துறையில் ஞாயிறு தவிர அநேக நாட்களும் விடியற்காலையில் மீன் ஏலம் நடக்கும். ஒவ்வொரு மீனையும் தனித்தனியாக ஏலம் விடுவார்கள். வாலருகே கீறிவிட்டிருப்பார்கள், உள்ளேயிருந்து எடுத்த துளிச் சதையும் மீன்மேல் இருக்கும். வாங்க வந்தவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், விரலில் தேய்த்துக் கொழுப்பைப் பார்ப்பார்கள். அப்படி ஒரு கண் நமக்குக் கிடையாது. அதனால் நாம் கேள்வி கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் சூரையைப் பச்சையாகச் சாப்பிடாதீர்கள். செவுள் எவ்வளவு சிவப்பாக இருந்தாலும், அன்று காலைதான் வந்தது என்று விற்பவர் சொன்னாலும் வேண்டாம். அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. குழம்புக்குப் போகும் மீன் என்றே அது பிடிக்கப்பட்டு, படகில் போடப்பட்டு, வெயிலில் இறக்கப்பட்டிருக்கிறது. சூரையின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அந்த மீனைச் சாப்பிட்டால் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து எரியும், தலை வலிக்கும், தடிப்பு வரும். ஒருமுறை உருவான ஹிஸ்டமின் உறைய வைத்தாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. வாயில் வைத்ததும் நாக்கில் மிளகு பட்டதுபோல் சுரீரென்றால் துப்பிவிடுங்கள். ஆனால் கெட்ட மீனில் எப்போதும் அந்த ருசி தெரியும் என்று நம்ப வேண்டாம்.

வாங்க வேண்டியது, பச்சையாகச் சாப்பிடுவதற்கென்றே உறைய வைத்து விற்கும் சூரை. ஜப்பானிய, கொரியக் கடைகளிலும் பெருநகரங்களில் உறைந்த கடலுணவு விற்பவர்களிடமும் தோலும் முள்ளும் இல்லாத செவ்வகக் கட்டியாகக் கிடைக்கும், 200 முதல் 300 கிராம் வரை. 'சஷிமி தரம்' என்று அட்டையில் போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்காவிலேயே அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி வரையறை கிடையாது. கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: பச்சையாகச் சாப்பிடும் மீன்தானா, பிடித்ததிலிருந்து குளிர் விடாமல் வந்ததா. தயங்கினால் வாங்காதீர்கள். பையின் உள்ளே பனித்தூள் அப்பியிருந்தால் ஒருமுறை உருகி மறுபடி உறைந்த மீனாக இருக்கலாம்.

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தர்ப்பூசணிச் சதை மாதிரி ஒரே சீரான இளஞ்சிவப்பில் இருக்கும் கட்டிகள் பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு ஏற்றியவை. அந்த வாயு நிறத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மீன் பழசானாலும் சிவப்பு போகாது. ஜப்பானிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதற்கு அனுமதி இல்லை, அமெரிக்காவில் உண்டு. வாயு ஏற்றாத மீன் அடர்சிவப்பாக, ஓரங்களில் லேசாகப் பழுப்போடிக்கூட இருக்கும். அந்தப் பழுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மூக்கைக் கேளுங்கள். கடல் காற்று வாசனை வரலாம், கவிச்சி வரக் கூடாது.

உறைய வைத்த மீன் என்பதால் எல்லா ஆபத்தும் தீர்ந்துவிடாது. கடுங்குளிர் புழுவைக் கொல்லும், பாக்டீரியாவையும் வைரஸையும் கொல்லாது. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள் பச்சை மீனைத் தொட வேண்டாம். பெருங்கண் சூரையில் பாதரசமும் கூடுதல். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அவர்களுக்கு இதே கலவையில் வேகவைத்த கணவாயோ டோஃபுவோ போட்டுக் கொடுங்கள். ஹவாயில் வேகவைத்த பேய்க்கணவாய் போக்கே பச்சை மீன் போக்கேவுக்குச் சளைத்ததாக யாரும் நினைப்பதில்லை.

உருக்குவது

வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில்தான் இருக்கும். நல்ல சூரையை விற்பவர்கள் அதைவிட மிகக் குறைந்த வெப்பநிலையில் வைத்திருப்பார்கள். நம் ஃப்ரீசரில் வாரக்கணக்கில் கிடந்தால் நிறம் மங்கும், நீர் விடும். வாங்கிய ஓரிரு நாளில் செய்துவிடுவது நல்லது.

எளிய வழி: காற்று நீக்கிய பையைக் கிழித்து மீனை வெளியே எடுங்கள், கிச்சன் டவலில் சுற்றி, தட்டில் வைத்து ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் இரவு முழுக்க விடுங்கள். பையைக் கிழிக்காமல் உருக்கக் கூடாது. காற்றில்லாத இடத்தில் வளர்ந்து, பாட்டுலிசம் என்ற உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி குளிரிலும் மெல்ல வளரக்கூடியது.

இன்னும் நல்ல வழி ஜப்பானியர்களுடையது. 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில், சுமார் 40 டிகிரி, குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டைவிடக் கொஞ்சம் கூட, 30 கிராம் உப்பைக் கரையுங்கள். உறைந்த கட்டியை அதில் போட்டு இரண்டு மூன்று நிமிடம் புரட்டுங்கள். மேல்பக்கம் இளகி, நடுவில் இன்னும் கல்லாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஐஸ் தண்ணீரில் அலசி, ஈரத்தை நன்றாக ஒற்றி எடுத்து, புது டவலில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் நாலைந்து மணி நேரத்தில் உள்ளேயும் இளகிவிடும். உறைநிலைக்குச் சற்றுக் கீழே நெடுநேரம் நிற்கும்போதுதான் சூரை வேகமாகப் பழுப்பாகிறது, நீரையும் விடுகிறது. உப்புத் தண்ணீர் மேல்சதையை அந்தக் கட்டத்திலிருந்து சட்டென்று தாண்ட வைக்கிறது. ஒரே கட்டியை இரண்டாக வெட்டி இரண்டு விதமாகவும் உருக்கிப் பார்த்திருக்கிறேன். உப்புத் தண்ணீரில் போட்ட பாதிக்கு டவல் அவ்வளவாக நனையவே இல்லை.

மேடையில் வைத்து உருக்குவது, மைக்ரோவேவ், மேலே சொன்ன 40 டிகிரியைத் தாண்டிய வெந்நீர் மூன்றும் கூடாது.

வெட்டுவது

முழுக்க இளகும் முன்பே, நடுவில் துளி இறுக்கம் இருக்கும்போது வெட்டினால் துண்டு சதுரமாக வரும். சாதாரணக் காய்கறிக் கத்தி போதும், ஆனால் அன்று தீட்டியிருக்க வேண்டும். பலகையையும் கத்தியையும் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள்.

கட்டியின் பக்கவாட்டைப் பாருங்கள். மெல்லிய வெள்ளைக் கோடுகள் வரிசையாக ஓடும். அவைதான் நார். கோடு போகும் திசையிலேயே வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் நீள நார் சிக்கும், மென்றுகொண்டே இருக்க வேண்டும். கோடுகளைக் குறுக்கே வெட்டுங்கள். பெயரே அதுதானே. கத்தியின் அடிப்பகுதியை மீன்மேல் வைத்து, நுனிவரை ஒரே இழுப்பாக உங்கள் பக்கம் இழுங்கள். ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் ஆட்டினால் வெட்டுப்பக்கம் சொரசொரப்பாகும், அந்தச் சொரசொரப்பு வழியாக ஷோயு தேவைக்கு மேல் உள்ளே போகும். முதலில் 2 சென்டிமீட்டர் தடிமனுக்குப் பாளம் போட்டு, பாளத்தைப் பட்டையாக்கி, பட்டையைச் சதுரமாக்குங்கள். துண்டு 2 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மீன் ருசி உப்புக்குள் போய்விடும்.

வால் பக்கத்துச் சதையில் நார் தடித்து, வெள்ளையாக, ரப்பர் மாதிரி இருக்கும். அதை வெட்டாதீர்கள். ஒரு ஸ்பூனைச் சாய்த்துப் பிடித்து நாரை ஒட்டி வழித்தால் சதை மட்டும் திரண்டு வரும், நார் பலகையில் தங்கிவிடும். வழித்த சதையைக் கடைசியில் கலவையில் சேருங்கள், துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். கருஞ்சிவப்பாக ஒரு பட்டை இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள், கவிச்சி அதில்தான். வறுவலுக்கு ஆகும்.

வெட்டியதை உடனே ஐஸ்மேல் வைத்த பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

இனமோனாவும் லிமுவும்

குக்குயிக் கொட்டையை வறுத்து உப்போடு இடித்ததுதான் இனமோனா. மலேசியா, சிங்கப்பூர் தமிழர்களுக்கு இந்தக் கொட்டை புதிதில்லை. சம்பலுக்கு அரைக்கும் புவா கெராஸ் இதேதான். பச்சையாகச் சாப்பிட்டால் வயிற்றைப் பிடுங்கிப் பேதியாகும், ஆகவே வறுப்பதில் அவசரம் கூடாது. ஆறு கொட்டையை எடுத்து, அடுப்பைச் சிறு தீயில் வைத்து, கனத்த வாணலியில் கால் மணி நேரத்துக்கு மேல் புரட்டிப் புரட்டி, உடைத்துப் பார்த்தால் உள்ளேயும் நல்ல பழுப்பாக இருக்கும்வரை வறுங்கள். ஆறியதும் கால் ஸ்பூன் கல்லுப்போடு உரலில் இடியுங்கள். மாவாக வேண்டாம், எண்ணெய் கசிந்து ரவைப் பதத்தில் இருந்தால் சரி. மிக்ஸியில் போட்டால் களியாகிவிடுகிறது. அரைக் கிலோ மீனுக்கு 2 டீஸ்பூன் தாராளம். கொட்டை கிடைக்காதவர்கள் முந்திரியையோ மெக்கடேமியாவையோ சிவக்க வறுத்து இடித்துக்கொள்ளலாம். அந்த லேசான கசப்பு மட்டும் வராது.

பழைய போக்கேவுக்கு லிமு கோஹு போடுவார்கள். செம்பழுப்பு நிறம், அயோடின் வாடை தூக்கலாக இருக்கும். ஓர் இரவு நல்ல தண்ணீரில் ஊறப்போட்டுக் கசப்பை இறக்கி, உருண்டை பிடித்து விற்பார்கள். ஹவாய்க்கு வெளியே அது கிடைப்பது அரிது. ஜப்பானியர்கள் வழியாக வந்த 'ஓகோ' சுலபமாகக் கிடைக்கும். இந்த ஓகோ கிராசிலேரியா பேரினத்தைச் சேர்ந்தது. பாம்பன், ராமேசுவரம் பக்கம் பெண்கள் முங்கி எடுக்கும் கஞ்சிப்பாசியும் அதே பேரினம்தான். முதல்முறை ஓகோவைக் கையில் எடுத்தபோது எனக்கு அது சட்டென்று அடையாளம் தெரிந்தது. அதற்காகக் கரையில் பறித்ததை அப்படியே போட்டுவிடாதீர்கள். சாப்பாட்டுக்கென்று சுத்தம் செய்து விற்பதை வாங்கி, உப்புப் போக அலசி, கொதிநீரில் சில வினாடி முக்கி, ஐஸ் தண்ணீரில் போட்டுப் பிழிந்து, ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்குங்கள். நறநறவென்று கடிபட வேண்டும், அதற்குத்தான் பாசி.

கலப்பது

நான் அடிக்கடி செய்வது ஷோயு போக்கே. நான்கு பேருக்கு அளவு:

அஹி – 500 கிராம்
ஷோயு – 3 டேபிள் ஸ்பூன்
வறுத்த எள்ளெண்ணெய் – 2 டீஸ்பூன்
இனமோனா – 2 டீஸ்பூன்
நறுக்கிய ஓகோ – கால் கப்
இனிப்பு வெங்காயம் – சிறியதில் பாதி
வெங்காயத்தாள் – 2
காந்தாரி மிளகாய் – 1
கல்லுப்பு – 2 சிட்டிகை

ஷோயு என்றால் ஜப்பானிய வகை. ஃப்ரைடு ரைஸுக்கு ஊற்றும் கறுத்த, கெட்டியான சோயா சாஸ் மீனை மூடிவிடும். எண்ணெயிலும் கவனம் வேண்டும். நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது, இங்கே வேண்டியது வறுத்த எள்ளில் எடுத்த, தேன் நிறத்தைத் தாண்டிய எண்ணெய். ஒன்றுக்கு மற்றது ஆகாது. கிடைக்கவில்லையென்றால் எண்ணெயைக் குறைத்து, இரண்டு ஸ்பூன் எள்ளை வறுத்துப் பொடித்துப் போடுங்கள். மவுயித் தீவின் வெங்காயம் இனிப்பாக இருக்கும். நம் பெரிய வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து பத்து நிமிடம் ஐஸ் தண்ணீரில் போட்டுப் பிழிந்தால் காரம் அடங்கும். சின்ன வெங்காயம் வேண்டாம், மீனை அடித்துவிடும்.

மீன்மேல் உப்பைத் தூவி, இனமோனாவையும் பாசியையும் போட்டு, விரல்களை விரித்து அடியிலிருந்து மேலே தூக்கிவிடுங்கள். பிசுபிசுப்பு வரும்வரை நாலைந்து தடவை போதும். அப்புறம் ஷோயு, வெங்காயம், மிளகாய். எண்ணெய் கடைசியில். எண்ணெயை முதலில் ஊற்றினால் அது மீன்மேல் படலமாகப் படிந்து உப்பையும் ஷோயுவையும் வழுக்கிவிடும். மூடி ஃப்ரிட்ஜில் கால் மணி நேரம் வையுங்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். ஆரம்பத்தில் நான் முதல் நாள் இரவே கலந்து வைத்து, காலையில் விறைத்துக் கறுத்துப்போன துண்டுகளும் அடியில் அரை அங்குலத் தண்ணீருமாகப் பார்த்திருக்கிறேன். உப்பு மீனின் நீரை எல்லாம் இழுத்துவிட்டிருந்தது. எலுமிச்சையோ வினிகரோ சேர்க்காதீர்கள். புளிப்பு பட்டால் சதை வெளுத்துப்போகும், அது வேறு நாட்டுப் பண்டமாகிவிடும்.

பழைய முறைக்கு ஷோயுவும் எள்ளெண்ணெயும் கிடையாது. அதே அரைக் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டேபிள் ஸ்பூன் இனமோனா, இரண்டு டேபிள் ஸ்பூன் லிமு, விருப்பம்போல் மிளகாய். உப்பு அலயேயாவாக இருந்தால் விசேஷம். கடல் உப்பில் செம்மண் கலந்தது அது, கவாயித் தீவின் ஹனப்பேப்பேயில் இன்றும் குடும்பங்கள் பாத்தி கட்டி உப்பு எடுக்கின்றன. நமக்குத் தூத்துக்குடிக் கல்லுப்பைப் பொடித்தால் போதும். மீன் உண்மையிலேயே நல்லதாக அமைந்த நாளில் நான் இதைத்தான் செய்வேன்.

சோறு

ஹவாயில் கல்ரோஸ் என்ற நடுத்தர நீள அரிசியை வெறுமனே வேகவைப்பார்கள், சுஷிக்குப்போல் வினிகர் கலப்பதில்லை. ஒட்டும் பச்சரிசி எதுவும் சரி, புழுங்கலரிசியும் பாஸ்மதியும் ஒத்துவராது. சுடுசோறும் குளிர்ந்த மீனும் வாயில் ஒன்றாகச் சேர்வதில்தான் சுகம். ஆனால் சோற்றின் மேல் போட்ட உடனே மீன் சூடேறத் தொடங்கும். அதனால் எல்லாரும் உட்கார்ந்த பிறகு பரிமாறுங்கள், கிண்ணத்தை ஃபோட்டோ எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். மேஜையிலும் மீன் பாத்திரம் ஐஸ்மேல்தான் இருக்க வேண்டும். சென்னை வெயிலில் அரை மணிக்கு மேல் வெளியே வைக்க எனக்குத் துணிவில்லை.

மீந்துபோனால்

ஐஸ்மேலேயே இருந்ததாக இருந்தால் மட்டும் உடனே ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். வெளியே கிடந்தது என்றால் கொட்டிவிடுங்கள், மீன் என்ன விலையாக இருந்தாலும். பத்திரமாக இருந்ததை மறுபடி பச்சையாகச் சாப்பிட வேண்டாம். மறுநாள் காலை வாணலியை நன்றாகக் காயவைத்து, ஷோயுவை வடித்துவிட்டு, துண்டுகளைப் பரப்பி, உள்ளேயும் வெளுக்கும்வரை புரட்டி எடுங்கள். வெங்காயத்தாள் ஓரம் கருகி, இனமோனா மணக்கும். ஹவாயில் இதற்காகவே போக்கேவைக் கூடுதலாக வாங்குபவர்கள் உண்டு. பழைய சோற்றைக் கிளறி மேலே ஒரு முட்டையைப் பொரித்துப் போட்டால் காலைச் சாப்பாடு முடிந்தது.